தை அமாவாசை வரைக்கும்

பின்கதவைத் திறந்தபோது வெள்ளையனின் காதுக்குள்ளிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். மேல்வீட்டு நீரஜா மாமி கடைசியில் ஜெயித்துவிட்டாளே என்கிற ஆத்திரம். அப்புறம்தான் அதன் வயிறு மெதுவாக ஏறி இறங்குவதைக் கவனித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. காதை உதறத் தெம்பில்லை. வாலை மட்டும் ஒரு தடவை சாக்கின்மேல் தட்டியது. கடிபட்டுக்கொண்டே வாலாட்டுகிற பிராணியை என்ன சொல்லித் திட்டுவது? "சனியனே, ஒரு குரல் குரைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பம் எடுக்க ஓடினேன்.

வெள்ளையன் என்று பெயரே தவிர, நாய் அட்டக்கறுப்பு. பெயர் வைத்தவர் என் கணவர் ராஜநாயகம். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர். அவருடைய நகைச்சுவை அந்த அளவுக்குத்தான் போகும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். பதிமூன்று வருடமும் அதே சிரிப்பு. அவர் போய் இரண்டு வருடமாகிறது. நாயை விட்டுவிட்டுப் போனார். எனக்கு நாய் பிடிக்காது, அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. வீடெல்லாம் முடி, அதன் வாயில் எப்போதும் ஒரு நாற்றம், மழை பெய்தால் அந்த நாற்றம் இரட்டிப்பு. போன வருடம் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து பின்பக்க நடையில், மோட்டார் அறையை ஒட்டி, சாக்கின்மேல்தான் கிடக்கிறது. நான்தான் சாக்கை மாற்றுகிறேன், கோழி ஈரல் போட்டுச் சோறு குழைத்து ஊட்டுகிறேன், அசிங்கத்தை அள்ளுகிறேன்.

கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் நாலு வீடு கொண்ட பழைய கட்டடம் எங்களுடையது. கீழே நான். என் எதிர்வீட்டுக்காரர்கள் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது. மேலே ஒன்றில் ஸ்ரீரங்கன் சாரும் நீரஜா மாமியும் அவர்கள் மகன் சுஹாஸும். இன்னொன்றில் வாடகைக்கு வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் சண்டையில் கட்சி சேரும் அளவுக்கு யாரும் நிலைத்ததில்லை.

சண்டை ஆரம்பித்தது ஒரு மார்கழியில், கோலத்தின்மேல். வெள்ளையன் நடமாடிக்கொண்டிருந்த காலம். மாமி விடியலில் எழுந்து இழை இழையாகப் போட்டு முடித்த கோலத்தின் நடுவில் போய்க் காலைத் தூக்கிவிட்டது. தப்புதான். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று செருப்பை மாட்டினேன். அதற்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் மாமி எழுதிவிட்டாள். பெயர் சொல்லாமல், 'சில குடியிருப்புவாசிகளின் வளர்ப்புப் பிராணிகள்' என்று. கட்டடத்தில் நாய் வைத்திருப்பது நான் ஒருத்திதான். செருப்பைக் கழற்றிவிட்டேன். பதில் எழுதவில்லை. அடுத்த ஏகாதசிக்கு வஞ்சிரம் வாங்கி, சமையலறை ஜன்னலை விரியத் திறந்துவைத்து வறுத்தேன். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். தினசரி காலண்டரில் ஏகாதசி எப்போது வருகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான். அப்புறம் மோட்டார் போடுகிற நேரம், மாடிப்படியில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மேலேயிருந்து சொட்டும் ஈரத்துணி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எவ்வளவு முற்றினாலும் நான் அவளை 'மாமி' என்றும் அவள் என்னை 'டீச்சர்' என்றும் வாங்க போங்க போட்டுத்தான் சண்டை போட்டோம். அந்த மரியாதை இருந்ததால்தான் சண்டை இத்தனை வருடம் ஓடியது என்று நினைக்கிறேன்.

வெள்ளையனுக்குக் கால் விழுந்தபோது ஸ்ரீரங்கன் சாரைத் தூது அனுப்பினாள். அவர் பாவம், வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே, இப்படிக் கிடந்து கஷ்டப்படுவதற்கு டாக்டரைக் கூப்பிட்டு ஒரு ஊசி போட்டுவிடலாமே, அதுதானே தர்மம் என்றார். நானும் அதையேதான் அந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நம்பரைக்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அது மேல்வீட்டிலிருந்து வந்ததும் எனக்குள் ஏதோ இறுகிவிட்டது. இந்த நாய் சாகாது என்று அவரிடம் சொன்னேன். என்னமோ என் கையில் இருப்பதுபோல. அன்றிலிருந்து அதற்கு ஊட்டிய ஒவ்வொரு வாய்ச் சோறும் மாமியின் முகத்தில் எறிந்த சோறுதான். நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வாலைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டது.

இப்போது எறும்பு. பெரிய மழை விட்டு, தரையிலிருந்த ஓட்டையிலிருந்தெல்லாம் சிவப்பெறும்பு கிளம்பியிருந்த சமயம். துடைப்பத்தால் தட்டினால் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் உடம்பு வந்துவிடும், தலை தோலைக் கவ்விக்கொண்டு அங்கேயே நிற்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்த இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். காதுக்குள், விரலிடுக்கில், முடியில்லாத அடிவயிற்றில், தொடை மடிப்பில். மறுநாள் கடித்த இடமெல்லாம் சிவந்து தடித்து, நுனியில் வெள்ளையாகச் சீழ் கோத்துக்கொண்டது. நாயால் சொறியவும் முடியாது, கால் எட்டாது. முனகிக்கொண்டே கிடந்தது. நான் எறும்புப் பொடி வாங்கிவந்து சாக்கைச் சுற்றி வட்டமாகப் போட்டேன்.

அடையாறிலிருந்து பைக்கில் வந்த டாக்டர் பரத்வாஜ் அந்த வட்டத்தைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இதை அது நக்கினா எறும்பு பொழைச்சுக்கும் டீச்சர், நாய் போயிடும்" என்றார். முதலில் பொடியைக் கழுவித் தள்ளச் சொன்னார். பிறகு வீக்கத்துக்கு ஊசி போட்டார், கடிபட்ட இடங்களில் முடியை மழித்தார், களிம்பு கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் கழுவ வேண்டும், மடிப்புகளில் ஈரம் நிற்கக் கூடாது, தரையில் படுக்கவைக்கவே கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். எழுந்து ஓட முடியாத உடம்பு எது என்று எறும்புக்குத் தெரிந்துவிட்டது, இனி விடாது என்றார். யோசித்து ஒரு போன் செய்தால் போதும், வீட்டுக்கே வந்து, தூங்குகிற மாதிரி முடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். மேல்வீட்டுத் தர்மத்தையே அவரும் சொன்னார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கழுவினேன், களிம்பு தடவினேன், சாக்கை இடம் மாற்றினேன். கொஞ்சம் ஆறி வரும், பிறகு திடீரென்று ஒரு நாள் மறுபடி அப்பிக்கொள்ளும். அதுவும் கழுத்திலும் தாடையிலும். நான் போடுகிற சோற்றில் ஒரு பருக்கை சிந்தவிடுவதில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கார் கழுவிக் கூட்டிப் பெருக்கும் பிரபு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். ஐம்பது வயது ஆள். எங்கள் இரண்டு வீட்டிலும் காபி குடிப்பவன், அதனால் யாரைப் பற்றியும் வாய் திறக்காதவன்.

"டீச்சர், நான் சொன்னேன்னு வெளிய வுடாத. சனிக்கெயம ஆனா மாமி வந்து நாயாண்ட இன்னாவோ வச்சிட்டுப் போவுது. நானே கண்ணால பாத்துக்கினு கீறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விஷம். வேறென்ன? வாட்ஸ்அப்பில் முடியவில்லை, தூது அனுப்பி முடியவில்லை, கடைசியில் இதற்கு இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சமையலறை ஜன்னல் கதவை லேசாகச் சாத்தி, பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போலீசுக்குப் போவதா, பிராணி வதைத் தடுப்புக்காரர்களிடம் போவதா, முதலில் போனில் படம் எடுத்துக்கொள்வதா என்று மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

மாமி வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். கையில் ஒரு துண்டு வாழையிலை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, நாயைத் தொட்டுவிடாமல் குனிந்து, இலையை அதன் தாடைக்குக் கீழே தள்ளினாள். "சாப்டு" என்றாள். அது முகர்ந்துகொண்டே இருந்தது. "சாப்டுத் தொலையேன்" என்றாள். அழுகிற குரல் மாதிரி இருந்தது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கதவைத் திறந்துகொண்டு போய் எதிரில் நின்றேன்.

"மாமி, அதுல என்ன கலந்திருக்கு?"

முதலில் திடுக்கிட்டாள். பிறகு நான் என்ன கேட்கிறேன் என்பது அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது. இலையில் இருந்தது எள்ளும் வெல்லமும் போட்டு நல்லெண்ணெயில் வார்த்த அரிசிமாவு அடை. நாய் ஏற்கெனவே ஒரு ஓரத்தை எச்சில் பண்ணியிருந்தது. மாமி குனிந்து, அந்த எச்சில் ஓரத்திலிருந்தே ஒரு விள்ளல் பிய்த்தாள். வாயில் போட்டாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். வெளியில் தண்ணீர் குடித்தால்கூடத் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறவள் அவள்.

"போறுமா?" என்றாள்.

அவளாகத்தான் சொன்னாள், மேல்மாடி ஜன்னலை ஒரு கண்ணால் பார்த்தபடி, மகன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று. சுஹாஸுக்கு வேலை போய்விட்டது. பெங்களூரிலிருந்து பெட்டியோடு வந்தவன்தான், அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்கிறான், பாதி திரும்பி வருகிறது. அப்பாவோடு பேசுவதில்லை. ராத்திரி பகல் தெரிவதில்லை. கே.கே. நகரில் ஒரு ஜோசியர், சனிக்கிழமை தோறும் கறுப்பு நாய்க்கு வெல்ல அடை போடச் சொன்னாராம். ஆரம்பித்த நாய்க்கேதான் முடிக்க வேண்டும். நடுவில் நாயை மாற்றினாலோ நின்றுபோனாலோ பலன் தலைகீழாகிவிடும். "தை அமாவாசை வரைக்கும்" என்றாள்.

தெருவில் வேறு கறுப்பு நாயே இல்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு எடத்துல நிக்கறதா? இது எங்கயும் போகாதே" என்றாள். எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்று இத்தனை நாள் எழுதியவள் அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள். நான் குனிந்து வெள்ளையனின் தொடையைத் தூக்கிப் பிடித்தேன். மழித்த தோலில் கொப்புளம் கொப்புளமாக, சில உடைந்து, சிலவற்றில் எறும்பு இன்னும் தொங்கிக்கொண்டு. கழுத்து முடியில் போன வாரத்து வெல்லம் சிக்காக ஒட்டியிருந்தது. பல் இல்லாத வாய். அவள் வைத்துவிட்டுப் போனதில் முக்கால்வாசி உடம்பில்தான் ஈஷியிருக்கும். "பாருங்க, உங்க வெல்லம் செஞ்ச வேலைய" என்றேன். அவள் பார்த்தாள். மூக்கிலிருந்து தலைப்பு நழுவிவிட்டது. "நேக்குத் தெரியாது" என்றாள். நீரஜா மாமி தனக்கு ஒன்று தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. டாக்டர் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார், நான் ஒரு போன் செய்தால் போதும், திங்கட்கிழமையே வந்துவிடுவார் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ராஜநாயகம் போனதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இத்தனை நாள் நாய் செத்தால் அவளுக்கு ஜெயம் என்று அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நாய் செத்தால் எனக்கு ஜெயம்.

"அது உசுரோட வேணும்னா நீங்களே எறங்கி வந்து குளிப்பாட்டுங்க மாமி. என்னால ஆவாது" என்றேன்.

அவள் மேலே போனாள். போனவள் போனவள்தான் என்று நான் காபி போட உள்ளே வந்தேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பின்பக்கம் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. பழைய நூல்புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரோடு மாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தொடத்தான் முடியவில்லை. கையை நீட்டுவாள், இழுத்துக்கொள்வாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையனின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அது வாலைத் தட்டியது. "சும்மா கெட" என்று அதட்டினாள். அதற்கப்புறம் அவள் கண்ணை மூடவில்லை.

அவள் செய்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நன்றாகச் செய்தாள். நான் பின்னங்காலைப் பிடித்து இழுத்தபோது, "அப்படி இழுத்தா வலிக்காதா? ரெண்டு காலையும் சேத்துப் பிடிங்கோ, இடுப்போட திருப்பணும்" என்று சிடுசிடுத்தாள். படுக்கையில் விழுந்த மாமியாரை வருடக்கணக்கில் திருப்பிப் போட்டவளாம். மடிப்பு மடிப்பாக விரலை விட்டுத் தேய்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், தன் துண்டாலேயே ஒற்றி ஒற்றித் துடைத்தாள். வெல்லச் சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தாள். எறும்புகள் அவள் மணிக்கட்டில் ஏறிக் கடித்தன. அவள் உதறிக் கீழே விட்டதைச் செருப்புக் காலால் நான் நசுக்கினேன். "கொல்லாதேள்" என்றாள் முறைத்து. ஏன், உங்கள் விருந்தாளியா என்றேன். ஆமாம், நான் தினம் அரிசிமாவில் கோலம் போடுவது எதற்கென்று நினைக்கிறீர்கள் என்றாள். அவள் பக்கம் ஒரு கை நாயைத் தேய்த்துக்கொண்டிருக்க, என் பக்கம் ஒரு கை களிம்பு தடவிக்கொண்டிருக்க, நாங்கள் எறும்பைக் கொல்லலாமா கூடாதா என்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம்.

தரையில் போடக் கூடாது, பொடியும் கூடாது, கொல்லவும் கூடாது என்றால் என்னதான் வழி? கடைசியில் ராஜநாயகம் கடைசி மாதங்களில் படுத்திருந்த நைலான் நாடா போட்ட இரும்புக் கட்டிலை நான் உள்ளேயிருந்து இழுத்துவந்தேன். அதைக் கொடுக்கிறேனே என்று எனக்கே ஆச்சரியம். பிரபுவும் நாங்களும் சேர்ந்து வெள்ளையனைத் தூக்கி அதன்மேல் போட்டோம். சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வதுபோல, கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். என்னிடம் இருந்தவை பிளாஸ்டிக் டப்பாக்கள். கட்டில் இறங்கியதும் படீரென்று விரிசல் விட்டன. மாமி மேலே போய்ப் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே தினத்தாளில் சுற்றிய எவர்சில்வர் கிண்ணங்கள். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: 'சிரஞ்சீவி சுஹாஸ், ஆயுஷ்ஹோமம்'. அவனுடைய முதல் பிறந்தநாள் ஹோமத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மீதியாம், முப்பது வருடமாகப் பரணில் கிடக்கிறதாம். நாலு காலுக்கு நாலு சுஹாஸ். அவளே தண்ணீர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகமாகிவிட்டோம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மாமியையும் தெரியாது, என்னையும் தெரியாது. தினம் காலையில் அவள் வேப்பிலைத் தண்ணீரோடு வருவாள், நான் களிம்போடு வருவேன். பேச்சு என்றால் குற்றம் சொல்வதுதான். மீன் தொட்ட கையால் களிம்பு போட்டால் அந்த வாசனைக்கே எறும்பு வரும் என்பாள். நீங்கள் ஊற்றுகிற வெந்நீரில் நாய் வெந்துவிடும் என்பேன். சனிக்கிழமை அடையைப் பாலில் கரைத்து ஸ்பூனால் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுப் போனாள். வைகுண்ட ஏகாதசிக்கு நான் இறால் வறுத்தேன். அன்று சாயங்காலமே குழுவில் 'சில குடியிருப்புவாசிகள்' வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் அனுப்பவில்லை, பொங்கலுக்கு அவள் கரும்புத் துண்டு அனுப்பவில்லை. ஆனால் கொப்புளங்கள் வற்றிப் பொருக்குத் தட்டின. பொருக்கு உதிர்ந்த இடத்தில் எலிக்குஞ்சுபோல இளஞ்சிவப்பாகத் தோல், அதன்மேல் பூனைமுடியாகக் கறுப்பு. நான் இல்லாதபோது மாமி அதனோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியும். சமையலறையில் எல்லாம் கேட்கும். திட்டுவாள். அவன் நேற்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டான், நீயாவது ஒழுங்காகச் சாப்பிடேன் என்பாள்.

தை பாதியில் சுஹாஸுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ரொம்ப நாள் கழித்து அந்தப் பையனை வெளிச்சத்தில் பார்த்தேன். வெளுத்து, தாடியை மழித்து, பெட்டியை உருட்டிக்கொண்டு. பின்பக்கக் கட்டிலை ஒரு நொடி பார்த்தான். நாயைக் கட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பான். கிண்ணத்தில் இருப்பது தன் பெயர் என்று தெரிய நியாயமில்லை. கார் போனது. ஸ்ரீரங்கன் சார் மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்து, பெருமாள் கண்ணைத் திறந்துவிட்டார் டீச்சர் என்றார். நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சந்தோஷம் என்றேன்.

மறுநாள் காலை மாமி வரவில்லை. வெந்நீர் வாளியும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. நான் தனியாகத் திருப்பிப் போட்டுக் கழுவினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. குழுவில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திட்டாவது எழுதியிருப்பாள் என்று மறுபடி மறுபடி பார்த்தேன். காரியம் முடிந்தது, நாய் எதற்கு, அவ்வளவுதான் விஷயம். இது எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் இவ்வளவு வலித்தது. புதன்கிழமை காலை வெள்ளையன் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடிப்படி இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. எதிரே நின்று பார்க்க ஆளில்லாமல் இந்த நாயை நான் யாருக்காக உயிரோடு வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்தக் கேள்விக்கு ராஜநாயகத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிப்பைத்தான் காணோம். டாக்டருக்குப் போன் செய்தேன். நாலு மணிக்கு வருகிறேன் என்றார்.

மத்தியானம் ஈரலைத் தனியாக வதக்கி எடுத்துவந்தேன். கொஞ்சம் தின்றது. ராஜநாயகத்தின் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலைக்குக் கீழே மடித்து வைத்தேன். ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

மாடிப்படியில் காலடி கேட்டது. மாமி. தலை வாரவில்லை, கண்ணும் மூக்கும் வீங்கியிருந்தன, மூன்று நாளாகப் படுத்துக்கிடந்தவள் மாதிரி இருந்தாள். கையில் இலையும் இல்லை, வாளியும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும். கட்டில்காலருகே உட்கார்ந்து கிண்ணத்துக்குக் கையை நீட்டியபோது எனக்குப் புரிந்தது.

"கிண்ணத்தை எடுத்துட்டுப் போவத்தான வந்தீங்க? இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க. எல்லாத்தையும் கழுவியே தர்றேன்" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கிண்ணத்து நீரில் வெள்ளையனின் முடி ஒன்று விழுந்து, விளிம்புக்கும் கட்டில்காலுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சிவப்பெறும்பு தயங்கித் தயங்கி நடந்துகொண்டிருந்தது. மாமி இரண்டு விரலால் முடியின் நுனியைப் பிடித்து, எறும்போடு சேர்த்து மெதுவாகத் தூக்கினாள்.

"முடி விழுந்திருக்கே, பாக்கறதில்லையா டீச்சர்? இது ஒண்ணு போறும், அத்தனையும் ஏறி வந்துடும். ரெண்டு நாள் மனுஷி படுத்துக்கப்படாதா இந்தாத்துல?"

சந்து முனையில் பைக் சத்தம் கேட்டது. யார் என்பதுபோல் நிமிர்ந்தாள். டாக்டர் என்றேன். புண்தான் ஆறிவிட்டதே, இப்போது எதற்கு என்றாள். அவள் தட்டிலிருந்த ஈரலைப் பார்த்தாள், மடித்து வைத்த சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தை அமாவாசை இன்னும் ஆகலை, டீச்சர்."

"அதான் உங்க புள்ளைக்கு வேலை கெடைச்சிடுச்சே மாமி."

அவள் எழுந்திருக்கவில்லை. பைக் வாசலில் நின்றது. பிரபு கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மாமி அந்த முடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எறும்பு முடியின் மறுநுனிவரை போய், திரும்பி, அவள் விரல் நகத்தை நோக்கி ஏறிவந்துகொண்டிருந்தது. அவள் உதறவில்லை. வெள்ளையன் சட்டையின்மேலிருந்து தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தது. பிறகு, சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்தது.